காரையில் ஒரு கடல்: மூன்று நாள் குறிப்பு

மாசி 9, வெள்ளி. சென்னிமலை

கொங்கு நாட்டின் அடிநிலம் நைஸ் எனப்படும் பட்டைப் பாறையாலும் சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறையாலும் ஆனது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய பாறைகள் இவை என்பதால், 1,320 படி ஏறி முருகனைத் தொழும் இம்மலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒரு கிளிஞ்சலின் தடம்கூடக் கிடைக்காது. உயிரின் சுவடு பதிந்த பாறையைக் காண விரும்பும் இவ்வூர்க்காரர் கிழக்கே போக வேண்டும். நாளைய பயணம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு.

மாசி 10, சனி. காரை

கரூர், திருச்சி வழியாகச் சென்று, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் திரும்பினால், வயல்களுக்கு நடுவே நிலம் திடீரெனத் தோலுரிந்து கிடக்கிறது. சாம்பல், பச்சை கலந்த சாம்பல், மஞ்சள், காவி என நிறம் மாறும் களிமண் மேடுகளை நூற்றுக்கணக்கான ஓடைகள், கொங்கு வழக்கில் சொன்னால் பள்ளங்கள், குறுக்கும் நெடுக்குமாக அறுத்திருக்கின்றன. இத்தகைய நிலத்தை நிலவியலாளர் பேட்லேண்ட்ஸ் என்பர். அமெரிக்காவின் தென் டகோட்டாவில் லக்கோட்டா மக்கள் ‘கெட்ட நிலம்’ என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்த பகுதியிலிருந்து வந்த பெயர் அது.

முதல் பார்வைக்குப் பாலைவனம் என்றே தோன்றினாலும், அச்சொல் இங்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பர். இங்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெய்கிறது. மழை அதைவிடக் குறைந்த காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் மண்டி வளர, காரையின் சரிவுகளில் ஒரு புல்லும் வேர்பிடிக்காததற்குக் காரணம் வானத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் இக்களிமண்ணில் மழைநீர் உள்ளிறங்காமல் மேலேயே ஓடி, விதையையும் மேல்மண்ணையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகிறது. வறட்சியின் முகத்தை அணிந்திருக்கும் இந்நிலத்தைச் செதுக்கியது நீரே.

நிறங்களுக்குக் காரணம் இரும்பு. காற்றுப் படாத கடலடிச் சேற்றில் சாம்பலும் பச்சையுமாக இருக்கும் இரும்புச் சேர்மங்கள், மேலே வந்து துருவேறியதும் மஞ்சளும் காவியுமாகின்றன. அவற்றின் ஊடே வெயிலில் மின்னும் வெள்ளைக் கீற்றுகளைக் கொங்கு நாட்டார் வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், என்றே முதலில் நினைக்கக்கூடும். நகத்தால் கீறினால் தூளாக உதிர்வதால் அது ஜிப்சம் என்பது தெளியும். களிமண்ணில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, சிப்பி ஓடுகளின் சுண்ணாம்போடு கூடும்போது ஜிப்சம் உருவாகிறது. தறியூரான சென்னிமலையார் கண்ணுக்கு அந்த வெள்ளைக் கீற்றுகள் காவிப் பாவில் ஓட்டிய வெள்ளை ஊடையாகப் படுவதில் வியப்பில்லை.

இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்த காவிரிப் படுகைக்குள் கடல் புகுந்தது; சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலடியில் படிந்த சேறே இம்மேடுகள். சரிவுகளில் ராட்டைக் கதிர் போலக் கூர்த்துக் கிடப்பவை பெலெம்னைட், அதாவது கணவாயின் பழைய உறவான ஓர் உயிரின் உள்ளோடு. நத்தைபோல் சுருண்டவை அம்மோனைட். 1840-களில் இவ்வட்டாரத்தில் திரட்டப்பட்ட புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தார். அடுத்து வந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். கீழிருந்து மேலாகத் தேடாமல் கிழக்கு நோக்கி நடந்தாலே காலம் இளமையாகும் இவ்வடுக்கில், காரை மிகப் பழைய ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. ஆடு மேய்க்கும் சிற்றூரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றதைப் பாடாலூர்ச் சாலையின் எந்தப் பலகையும் சொல்லக் காணோம்.

மாசி 11, ஞாயிறு. சாத்தனூர்

1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்குச் சாத்தனூர் ஓடையில் படுத்திருக்கிறது. ஆற்றுவெள்ளம் கடலுக்கு அடித்துவந்த ஊசியிலை மரத்தின் நார்களில் மணற்சத்தான சிலிக்கா ஊறி, மரம் கல்லானது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்பதால் வேலியும் பலகையும் காவலும் இதற்கு உண்டு.

தென் டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் 1939-இல் நினைவுச் சின்னமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களான கிண்டி, முதுமலை, முக்குர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்தும் காட்டுயிருக்கும் கடலுயிருக்கும் உரியவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, நிலவடிவச் சிறப்பையும் பூங்கா அறிவிப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறது. ஒரு மரத்துக்கு வேலி கட்டத் தெரிந்த நாட்டுக்கு, அம்மரம் மிதந்த கடலின் தரையைக் காக்க வழி தெரியாமல் இல்லை.

திரும்பும் வழியில் காரைச் சரிவுகளில் இளைஞர் சிலர் பைகளில் அம்மோனைட் பொறுக்கிக்கொண்டிருந்தனர். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணை இன்னொரு விரற்கடை வழித்துவிட்டால், இப்போது மறைந்திருக்கும் ஓடுகள் வெளியே வரும். கைக்கு அகப்படாதவை பள்ளத்து நீரோடு உருண்டு, தாம் கிடந்த படுகையின் அடையாளத்தை இழந்து, வயலோரக் கல்லோடு கல்லாகிவிடும்.