ஒரு புள்ளியில் மாறும் வகுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"தம்பி, நீங்க கணக்குப் படிப்பிக்கிறீங்கதானே. அவங்கட வீடும் தகரம், எங்கட வீடும் தகரம். அவங்களுக்கு 15,000, எங்களுக்கு 8,500. இது என்ன கணக்கு?"

2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது பக்கத்து வீட்டு ராத்தா கேட்டது. தாராபுரம், எருக்கலம்பிட்டி, பேசாலை, முசலி என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். இதற்குரிய கணக்கு எங்கள் பிள்ளைகளின் கணிதப் புத்தகத்திலேயே இருக்கிறது. பெயர், கூட்டமாக்கிய மீடிறன் பரம்பல்.

உயரம், நிறை, மழைவீழ்ச்சி எல்லாம் தொடர் தரவுகள். இடையில் வெட்டு இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அட்டவணையில் அடக்குவதற்காக நாங்கள்தான் கோடு போட்டு வகுப்பாயிடைகளாகப் பிரிக்கிறோம். வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை என்றால் உலர் வலயம், 2,500க்கு மேல் என்றால் ஈர வலயம் என்று படித்திருக்கிறோம். அந்தக் கோடு மழைக்குத் தெரியாது.

அஸ்வெசுமவும் அப்படித்தான். 22 குறிகாட்டிகளைப் பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டார்கள். பிறகு நான்கு வகுப்புகள். தொடங்கும்போது மாதக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்கும் இரண்டு குடும்பங்களின் கஷ்டத்தில் வித்தியாசம் மிகச் சிறியது. கையில் வரும் காசில் வித்தியாசம் 6,500 ரூபா. ஒரே வகுப்பின் தலையிலும் வாலிலும் நிற்கும் இரண்டு குடும்பங்களுக்கோ கஷ்டம் வேறு வேறு, காசு ஒன்று. வகுப்பாகக் கட்டியவுடன் உள்ளே இருக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். ராத்தாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இப்போது இந்த வேலையைக் கணினி செய்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வி: சரியாகக் கோட்டின் மேல் நிற்கும் பெறுமானம் எந்தப் பக்கம் போகும்?

பிறப்பு நிறையை எடுங்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது நிறை குறைந்த குழந்தை. சரியாக 2.5 என்றால் அந்தக் கணக்கில் வராது. ஆனால் எக்ஸெலில் 'பிரீகுவென்சி' சார்புக்கு 2.5 என்று எல்லை கொடுத்தால், 2.5 கிலோ குழந்தையையும் கீழ் வகுப்பில் எண்ணிவிடும். எல்லைக்குச் சமமானதையும் கீழே சேர்ப்பது அதன் விதி. 'ஆர்' மென்பொருளின் 'கட்' கட்டளையும் நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படியே செய்யும். எஸ்.பி.எஸ்.எஸ்.இல் மேல் எல்லையைச் சேர்ப்பதா விடுவதா என்று நாங்களே தெரிவுசெய்யலாம். எக்ஸெலில் 'கவுன்ட்இஃப்ஸ்' எழுதி, கீழ் எல்லைக்கு >=, மேல் எல்லைக்கு < என்று போட்டால் குழப்பம் இல்லை. நிறையை முழுமைப்படுத்தி எழுதும் இடங்களில் 2.5 என்று விழும் குழந்தைகள் பலர் இருப்பார்கள். ஒரு சமக்குறியால் ஊரின் கணக்கே மாறிவிடும்.

படிவம் நிரப்பப் போகும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கோட்டை நாங்கள் நகர்த்த முடியாது. ஆனால் கோட்டுக்குக் கிட்ட நிற்கும் குடும்பத்துக்கு ஒரேயொரு விடை பிழையாகப் பதிந்தாலும் வகுப்பு மாறலாம். "அவங்களுக்குக் கிடைத்தது, எங்களுக்கு இல்லை" என்று எழுதும் மேன்முறையீட்டை விட, "எங்கள் வீட்டு விபரம் இப்படிப் பதிந்திருக்கிறது, உண்மை இது" என்று எழுதுவது பலமானது. தகவல் எடுக்க வருபவர்களிடம், என்ன பதிந்தீர்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் பக்கத்தில் இருங்கள். நீங்கள் படித்த மீடிறன் அட்டவணைக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

படிவம் பார்க்க உதவி தேவையானவர்கள் வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.