அம்மா எடுத்த படங்கள்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று கட்டுரை ஏட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அச்செல்வம் நீங்கினால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அறிந்தோம். விடாத இருமலும் மாலைக் காய்ச்சலுமாக மெலிந்து போன எங்கள் அம்மாவுக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனை சொல்லியது.

அம்மாவை எங்கேனும் தொலைவிற்கு அனுப்பிவிடுவார்களோ என்று நாங்கள் இருவரும் அஞ்சினோம். பாட்டிக்கும் அதே அச்சம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்நாளில் நோயாளிகள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து அங்கே தங்கியிருப்பார்களாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்களை அமர்த்திப் பேசினார். 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறு பகுதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்தை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோருக்கு நல்ல உணவுகூட இல்லை. ஆயினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. "அதனால் உங்கள் அம்மா உங்களோடுதான் இருப்பார்கள்" என்றார் அவர். எங்களுக்கு உயிர் வந்தது.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. ஒரு நாளும் தவறக்கூடாது. எங்கள் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது, எவருக்கும் நோயில்லை. அம்மா ஜன்னலோரக் கட்டிலில் காற்றோட்டமாகப் படுத்திருப்பார். சமையல் அப்பாவின் பொறுப்பாயிற்று. அவர் வார்த்த தோசைகளில் உலகப் படத்திலுள்ள எல்லாக் கண்டங்களையும் கண்டோம்!

அச்சமயம் மாமா தம் பழைய காமிராவை அம்மாவிடம் கொடுத்துச் சென்றார். கட்டிலில் இருந்தபடியே அம்மா படம் எடுக்கத் தொடங்கினார். முதல் படங்கள் எல்லாம் கலங்கலாகவே வந்தன. வீட்டிற்குள் வெளிச்சம் குறைவானால் காமிராவின் கண் சற்று நேரம் அதிகமாகத் திறந்திருக்கும். அந்நேரம் கை அசையலாகாது. அம்மாவுக்கோ மூச்சை அடக்கினால் இருமல் வந்துவிடும். நான்காம் மாதத்தில் ஒரு நாள், பாட்டி பூத்தொடுக்கும் படம் நூலிழை தெரியத் தெளிவாக வந்தது. டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே, அம்மா தேறி வருகிறார் என்று அந்தப் படம் எங்களுக்குச் சொல்லிவிட்டது.

அம்மா சாப்பிட்ட மருந்துகளில் ஒன்று சிலருக்குக் கண்பார்வையைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனால் உடனே வரவேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ஆகையால் தினமும் காலையில் முற்றத்துச் செம்பருத்தியை இலையோடு சேர்த்து ஒரு படம் எடுப்பார். "பூ சிவப்பு, இலை பச்சை, இன்றைக்கும் சரி" என்பார். அவர் அப்படிச் சொல்லும்வரை நாங்கள் பள்ளிக்குக் கிளம்பமாட்டோம்.

அந்நாட்களில் அக்கம்பக்கத்தார் சிலர் எங்கள் வாசற்படி ஏறவில்லை. பின்வீட்டுச் சிறுவன் மட்டும் மதிற்சுவரின்மேல் ஏறி அமர்ந்து, "அத்தை, என்னையும் ஒரு படம்!" என்பான். அப்படத்தைப் பிரதி எடுத்து அவன் தாயாரிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் அவரே ஒரு கிண்ணம் பாயசத்தோடு எங்கள் வீட்டிற்குள் வந்து அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார்.

டிசம்பரில் சிகிச்சை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. 38 கிலோவாக இருந்த எடை 46 ஆகியிருந்தது. ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் கவனித்தோம்: அந்த ஆறு மாதப் படங்களில் நாங்கள் அனைவரும் இருக்கிறோம், அம்மா மட்டும் இல்லை. காமிராவைப் பிடித்திருந்தவர் அவரல்லவா! இப்போது காமிரா எங்கள் கையில். வெட்கப்பட்டு ஓடும் அம்மாவைத் துரத்துவதே எங்கள் விடுமுறை வேலை.

அன்புத் தோழியரே! இரண்டு வாரத்திற்குமேல் இருமல் நீடித்தால் மறைக்காமல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். நோயுற்ற வீட்டைக் கண்டு ஒதுங்கிச் செல்லாதீர்கள். மருந்து நோயை நீக்கும். மனிதர் வந்து பேசும் நாலு வார்த்தையே நோயாளியை எழுந்து உட்கார வைக்கும்.

– சகோதரியர் இருவர், 9, 11ஆம் வகுப்புகள்