குறிமுள் நகரும் தூரம்

குறி தவறும் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் வழக்கமாக முதலில் தோட்டாவைப் பழிப்பார்கள். அடுத்து ஸ்கோப்பின் கண்ணாடியை. தம் கண்ணைச் சந்தேகிப்பது கடைசியில்தான். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் பெரியவரோ எடுத்த எடுப்பிலேயே தன் கண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். அவருக்கு வயது 78. வாழ்நாளெல்லாம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, தலைமுடியின் பருமனை அளவுகோலாகக் கொண்டு இரும்பைச் செதுக்கியவர். இரு கண்களிலும் புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்ன அதே மாதத்தில் அவருடைய துப்பாக்கி குறி தவறத் தொடங்கியது. இரண்டையும் அவர் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்.

இதில் அவருடைய பொழுதுபோக்கு மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் நாங்கள் தலையிட்டிருக்க மாட்டோம். அவர் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காரோட்டி அழைத்துச் செல்பவர் அவர்தான். குறிப்பலகையில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டுக் கார் சாவியை மேசைமேல் வைத்துவிடும் முடிவுக்கு அவர் வந்திருந்தார். எனவே நாங்கள், கணவனும் மனைவியுமாக, அவருடன் அந்தத் துப்பாக்கியை ஆராய உட்கார்ந்தோம்.

அது சோவியத் ராணுவத்தின் மோசின்-நகான். 1891-இல் ஏற்கப்பட்டு 1930-இல் திருத்தப்பட்ட வடிவம். அதன்மேல் பியு என்ற 3.5 மடங்கு ஸ்கோப். இந்த ஸ்கோப் முதலில் எஸ்விடி-40 என்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது; 1942-இல்தான் மோசினுக்கு வந்து சேர்ந்தது. இருவரையும் இணைத்துவைத்தது கொச்செத்தொவ் என்பவர் பெயரால் அறியப்படும் பக்கவாட்டுத் தாங்கி. பின்னால் வந்து சேர்ந்த உறவு என்பதால் அசௌகரியங்கள் உண்டு. ஸ்கோப்பில் இடிக்காமலிருக்க போல்ட்டின் கைப்பிடியை நீட்டிக் கீழே வளைக்க வேண்டியிருந்தது. ஐந்து தோட்டாக்களைப் பட்டையோடு ஒரே அழுத்தில் உள்ளே தள்ள முடியாது. ஒவ்வொன்றாகத்தான் இட வேண்டும். ஸ்கோப் உயரத்தில் இருப்பதால் கன்னம் கட்டையில் படியாது. ஏறக்குறைய முகவாயை ஊன்றித்தான் பார்க்க வேண்டும். தலை சற்றே விலகினாலும் குறிமுள் இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும்.

1939-40 குளிர்காலப் போரில் சோவியத் படையை எதிர்த்த பின்லாந்துக்காரர் சிமோ ஹாயாவைப் பற்றி வாசகர்கள் படித்திருக்கலாம். அவர் ஸ்கோப்பே வேண்டாம் என்று வெறும் இரும்புக் குறியோடு சுட்டவர். தலையைத் தூக்க வேண்டியிருக்கும், கண்ணாடி பளபளத்துக் காட்டிக்கொடுக்கும், குளிரில் மங்கும் என்பவை அவர் தரப்புக் காரணங்கள்.

பெரியவரின் முதல் புகார், குறிமுள் வட்டத்தின் நடுவில் இல்லை என்பது. அது நோயல்ல. இன்றைய ஸ்கோப்புகளில் திருத்தக் குமிழை எவ்வளவு திருகினாலும் குறி நடுவில் நிற்பதாகவே தெரியும். பியுவில் குமிழைத் திருகினால் முள்ளே கண்ணெதிரில் இடம்பெயரும். மிகவும் ஓரத்தில் நின்றால், தாங்கி சரியாக உட்காரவில்லை என்பதற்கு அது துப்பு, அவ்வளவே.

பிறகு சுட்டுப் பார்த்தோம். 100 கஜத்தில், மணல்மூட்டையின்மேல் தாங்கி, அவர் சுட்ட ஐந்து தோட்டாக்கள் 25 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிதறின. அதே துப்பாக்கியால் நாங்கள் சுட்டவை 22. நாங்கள் ஒன்றும் தேர்ந்தவர்களல்லர்; ஆனால் எங்கள் கண்களுக்கு வயது நாற்பதுதான். நாற்பதும் எழுபத்தெட்டும் ஏறக்குறைய ஒரே அளவு பிழை செய்தால், பிழை கண்ணுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. பெரியவர் இதை ஒப்பவில்லை. "என் மனம் நோகாதிருக்க எதையும் சொல்லாதீர்கள்" என்றார்.

துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, வரிசையாகச் சென்றோம். குழலைக் கட்டையோடு பிணைக்கும் இரு திருகுகள் இறுக்கமாக இருந்தன. குழலின் வாய் விளிம்பு தேயவில்லை. வாய்வழியே கோல்விட்டுத் துடைக்கப்பட்ட பழைய துப்பாக்கிகளில் அது தேய்ந்திருப்பதுண்டு. தொலைவிலுள்ள ஒரு புள்ளியில் முள்ளை நிறுத்தி, குமிழைத் திருகி மீண்டும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தபோது முள்ளும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஆக, கண்ணாடியும் குமிழும் குற்றமற்றவை.

கடைசியாகத் தாங்கி. முள்ளைப் புள்ளியில் நிறுத்தியபடி ஸ்கோப்பைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினோம். முள் நகர்ந்தது, கையை எடுத்த பின்னும் திரும்பவில்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியைப் பொருத்தின்மேல் வைத்தார். "ஆடுகிறது" என்றார். தாங்கியின் முன்முனை ஓர் உருண்டையின்மேல் அமர்வது. பின்முனையை மேலும் கீழுமாக இரு திருகுகள் பிடித்திருக்கும். உருண்டை அமரும் குழிக்குள் கிடங்குக்காலத்துக் கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. பின்திருகுகளில் ஒன்று எதையும் தொடாமல் நின்றது.

கணக்கு எளிது. அடித்தளத்தின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு முனை 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு முடியளவு, விலகினால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 கஜம் என்பது 91 மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 9 சென்டிமீட்டர். வாழ்நாள் முழுதும் முடியளவோடு போராடிய மனிதருக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாராயத்தில் நனைத்த துணியால் குழியைத் துடைத்தார். திருப்புளியை எங்களிடம் தராமல் தாமே இறுக்கினார்.

துடைக்கும்போது குழலின் அடியில் ஸ்கோப்பின் எண் தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஓர் எண்ணின் குறுக்கே கோடு. அதனருகே வேறோர் எண். போருக்குப் பின் செப்பனிடப்பட்ட துப்பாக்கிகளில் இது காணக்கூடியதே: பழைய ஸ்கோப் போய், கிடங்கில் கிடைத்த இன்னொன்று பொருத்தப்பட்டது. அடிக்கப்பட்ட எண்ணின் வழியே யார் பார்த்தார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று அங்கே எழுதியில்லை. பொதோல்ஸ்க் நகரில் பெண்களுக்கென்றே குறிசுடும் பள்ளி இருந்தது. அங்கே பயின்ற ரோசா ஷானினா, நாட்குறிப்பை விட்டுவிட்டு, 1945 ஜனவரியில் இருபது வயதில் இறந்தார். இத்தகைய கண்ணாடியைச் செப்பனிடுவது வெறும் கடிகாரத்தைச் செப்பனிடுவதல்ல. அன்று நாங்கள் மூவரும் சற்று நேரம் பேசாமலிருந்தோம்.

மறுநாள் சுட்டோம். எங்கள் சிதறல் 9 சென்டிமீட்டராகச் சுருங்கியது. அவருடையது 14. பெரும்பகுதிக் குற்றம் இரும்பினுடையது என்பது உறுதியாயிற்று. எஞ்சிய சிறுபகுதி யாருடையது என்பதும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட அவர் முகத்தில் தோல்வி இல்லை. அளவு தெரியாத பயம் ஒன்று, அளவு தெரிந்த குறையாக மாறியிருந்தது. இறுக்கக்கூடியதை இறுக்கியாயிற்று, இனி அறுக்க வேண்டியதை அறுக்கலாம் என்றார்.

அன்று மாலை கண் மருத்துவமனைக்கு அவரே தொலைபேசினார். இரு கண்களுக்கும் அறுவை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு. கார் சாவியைத் தரும்போது, இது இரவல்தான் என்று இருமுறை சொன்னார்.