கேஸை யார் வாபஸ் வாங்குவது?

டெல்லித் தமிழர்கள் பலருக்கு, முக்கியமாக மதராசி கேம்பில் இருந்தவர்களுக்கு, ஒரு நம்பிக்கை உண்டு. சர்காரி வக்கீல் மனசு வைத்து ஒரு கையெழுத்து போட்டால் கேஸ் வாபஸ் ஆகிவிடும் என்று. முழுப்பொய் இல்லை, பாதி உண்மை. அதனால்தான் வம்பே.

நான் பி.காம். படித்தவன், வக்கீல் இல்லை. வாராக்கடன் வழக்குகளுக்காகக் கோர்ட் வராந்தாவில் நின்று நின்று கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 321ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டத்தில் அதுவே 360. தீர்ப்பு சொல்வதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிடலாம். ஆனால் நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். அரசாங்கம் யோசனை சொல்லலாம். முடிவு மட்டும் அந்த வக்கீலுடையதாக இருக்க வேண்டும்.

எங்கள் பாஷையில் சொன்னால் இது ரைட் ஆஃப் மாதிரி. 'மேலிடம் சொன்னது' என்று நோட் எழுதிக் கடனைத் தள்ள முடியாது. ஆடிட்டர் வந்தால் மேலிடத்தையா கேட்பார்? கையெழுத்து போட்டவரைத்தான் கேட்பார்.

2000 ஜூலை 30 ஞாபகம் இருக்கிறதா? தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய நாள். அவன் கேட்டவற்றில் ஒன்று, மைசூர் சிறையில் இருந்த 51 தடா கைதிகளின் விடுதலை. கர்நாடக அரசு முடிவெடுக்க, சிறப்பு அரசு வழக்கறிஞர் மனு போட, மைசூர் நீதிமன்றமும் தடா குற்றச்சாட்டுகளைக் கைவிடச் சம்மதித்துவிட்டது. ஊரே சரி என்று தலையாட்டிய நேரம். ஒரே ஒருவர் எதிர்த்தார். 1992ல் வீரப்பன் கும்பல் கொன்ற சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதின் அப்பா, அப்துல் கரீம்.

2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. வக்கீல் தன் மூளையைப் பயன்படுத்தவில்லை, அரசு சொன்னதை அப்படியே மனுவாக்கினார் என்பதுதான் முக்கியக் குறை. அடுத்த வாரமே, நவம்பர் 15ல், 108 நாள் கழித்து ராஜ்குமார் பத்திரமாகத் திரும்பி வந்தார்.

அப்துல் கரீம் ஜெயித்தார் என்று இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு, 2001ல், அதே மைசூர் நீதிமன்றம் தடா கைதிகளில் பெரும்பாலோரைக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. எத்தனையோ வருஷம் உள்ளே கிடந்த காட்டோரத்து ஏழைகள். ஆதாரத்தைப் புரட்டிப் பார்த்து, 'இவர்கள் மேல் ஒன்றுமில்லை' என்று எந்த அரசு வக்கீலாவது முன்பே ஒரு மனு போட்டிருக்கலாம். சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்ததே அதற்காகத்தான். துப்பாக்கி நீட்டியபோது மட்டும் அது ஞாபகம் வந்தது என்பதுதான் என் கோபம்.

எங்கள் வீட்டில் சமையல் செய்த அம்மா விழுப்புரம் பக்கம். ஜங்புராவில் பாராபுல்லா நாலா ஓரத்து மதராசி கேம்பில்தான் வாழ்ந்தார். தண்ணீர் பிடிப்பதில் சண்டை, அவர் பையன் பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டான், கேஸ். "சார், உங்களுக்குப் பெரிய மனுஷங்க பழக்கம் இருக்குமே, சர்காரி வக்கீல் கிட்ட சொல்லுங்க" என்றார்.

லேசான காயத்துக்கு சர்காரி வக்கீலே தேவையில்லம்மா என்றேன். அடிபட்டவர் கோர்ட்டில் சமரசம் என்று சொன்னால் முடிந்தது. "அவரும் நம்ம ஊர்க்காரர்தான் சார், பேசிக்கலாம்" என்று நிம்மதியாகப் போனார்.

2025 ஜூன் 1 அன்று கேம்பை இடித்தார்கள். 370 வீடுகளில் 189க்குத்தான் நரேலாவில் ஃபிளாட் தகுதி. இந்த அம்மாவுக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. அவர் எங்கே போனார் என்று கேம்ப் ஆட்கள் யாருக்கும் தெரியவில்லை, போனும் அணைந்திருக்கிறது. அம்மா மறுபடி போன் செய்தார், "இப்பவாவது சர்காரி வக்கீல்..." என்று. புதிய 360ல் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர் பேச வாய்ப்புக் கொடுக்காமல் கோர்ட் வாபஸை அனுமதிக்கக் கூடாது. அப்துல் கரீம்களுக்கு நல்ல வரி. இங்கே நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

வாய்தாவுக்குப் பையன் நரேலாவிலிருந்து சாக்கேத் கோர்ட்டுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறான்.