அடுத்த பரீட்சைக்கு முன்

செப்டெம்பர் அமர்வில் சி.எம்.1 என்ற ஆக்சுவரிப் பரீட்சையை எழுதினேன். பெறுபேறு டிசெம்பரில் வரும். அதற்குள் சி.எஸ்.2 பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அது ஏப்ரல் அமர்வுக்கு. பிரித்தானியாவின் ஆக்சுவரிகள் அமைப்பு நடத்தும் இந்தப் பரீட்சைகளை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். அதனால் கொழும்பில் வேலை பார்க்கும் நான் பரீட்சைக் காலத்தில் விடுப்பு எடுத்துத் திருகோணமலைக்கு வந்துவிடுகிறேன். உள்துறைமுக வீதிப் பக்கம்தான் எங்கள் வீடு.

ஆக்சுவரி என்றால் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒருவர் எப்போது இறப்பார், எந்தப் படகு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரில், ஆயிரம் படகில் ஏறத்தாழ எத்தனை என்று சொல்லலாம். அந்த எண்ணை வைத்து, நாளைய செலவுக்கு இன்றைக்கு எவ்வளவு காசு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணிப்பதுதான் எங்கள் வேலை என்பேன்.

சி.எம்.1-இல் முதலில் படிப்பது வட்டி. எங்கள் கரையில் ஃபைபர் படகு, எஞ்சின், முச்சக்கர வண்டி எல்லாவற்றையும் பலர் தவணைக்குத்தான் எடுக்கிறார்கள். ‘வருசம் 12 வீதம்’ என்று சொல்லிக் கொடுக்கிற கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாய், மூன்று வருடம், வட்டி 36,000. மாதம் 3,778 ரூபாய்ப்படி 36 தவணை. முதல் தவணையிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. சமன்பாட்டை எழுதித் தீர்த்தால் மாத வட்டி ஏறக்குறைய 1.77 வீதம், வருடக் கணக்கில் அது 23 வீதத்தைத் தாண்டுகிறது. சொன்னதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை, ஓர் எக்செல் தாள் போதும். பரீட்சைக்காகப் படித்தவற்றில் அயலவர்களுக்கு உடனே பயன்பட்டது இந்த ஒரு பாடம். கையெழுத்துப் போடுமுன் என்னிடம் காகிதத்தைக் காட்டுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அது எனக்குப் பரீட்சைச் சித்தியைவிடப் பெரிது.

அடுத்தது ஆயுள் அட்டவணை. இதில்தான் தொழிலுக்குள் உண்மையாக நுழைகிறோம். பரீட்சைக்குத் தரும் அட்டவணைப் புத்தகத்தில் ஏ.எம்.92 என்று ஒன்று உண்டு. 17 வயதில் 10,000 பேரோடு தொடங்கி, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று போகும். அதை வைத்து ஒரு பிரீமியத்தைக் கணித்து அலுவலகத்தில் மூத்த அக்காவிடம் காட்டினேன். என்னைப் பயிற்றுவிப்பவர் அவர்தான். “விடை சரி தங்கச்சி. ஆனா இந்த அட்டவணையில செத்தது ஆர் எண்டு பாத்தியா?” என்று கேட்டார்.

பார்த்தேன். 1991 முதல் 1994 வரை பிரித்தானியாவில் ஆயுள் காப்புறுதி வைத்திருந்த ஆண்கள். நம் நாட்டுக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ஏ67/70 என்ற அட்டவணையின் பெயரும் வரும். அது இன்னும் பழையது. 1967க்கும் 1970க்கும் இடையில் அதே நாட்டில் காப்புறுதி செய்திருந்தவர்களுடையது. அதைக் கூட்டிக் குறைத்து, தங்கள் அனுபவத்துக்குப் பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். அதில் தவறில்லை, நம்பத்தக்க அட்டவணை செய்யப் பெருந்தொகையான உயிர்களின் பதிவு பல வருடங்களுக்கு வேண்டும். ஆனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலுக்குப் போகிறவரின் ஆயுளை, அவரைப் போன்ற யாருமே இல்லாத ஓர் அட்டவணையால் அளக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும். அக்கா எனக்குக் கற்றுத்தந்த முதல் ஒழுக்கம் அது.

வயது ஏற ஏற இறப்பு வீதம் பெருக்கல் முறையில் ஏறுகிறது என்று 1825இல் கொம்பேர்ட்ஸ் எழுதினார். 1860இல் மேக்கம் அதோடு ஒரு மாறிலியைச் சேர்த்தார். வயதைப் பார்க்காமல் வரும் சாவுக்கு அந்த மாறிலி. சூத்திரத்தில் அது ஒரே ஓர் எழுத்து. இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அதைக் கடந்துபோக முடியவில்லை. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் வந்தபோது யாருடைய வயதையும் கேட்கவில்லை. போர்க்காலமும் கேட்கவில்லை. ஆனால் மேக்கத்தின் மாறிலி, ஒருவருக்கு ஒருவர் தொடர்பில்லாமல் தனித்தனியே வரும் விபத்துக்குப் பொருந்தும். ஒரே காலையில் ஒரு கரை முழுவதையும் கொண்டுபோவதற்குப் பொருந்தாது. அத்தகைய பேரிழப்புக்குத் தனிக் கணக்கும் மீள்காப்புறுதியும் வேண்டும்.

ஒதுக்கு நிதி பற்றிய கேள்விகளில்தான் சி.எம்.1 தாளில் அதிக நேரம் செலவிட்டேன். இனிக் கொடுக்க வேண்டியதன் இன்றைய பெறுமதியிலிருந்து இனி வரப்போகும் பிரீமியத்தின் இன்றைய பெறுமதியைக் கழிக்க வேண்டும். சூத்திரமாகப் பார்த்தால் வறண்டது, ஓய்வூதியமாகப் பார்த்தால் அப்படியில்லை. இலங்கையில் விவசாயிகளுக்கான ஓய்வூதியச் சட்டம் 1987இலும் மீனவர்களுக்கானது 1990இலும் வந்தன. விவசாயிகளின் திட்டத்தில் 2012 வாக்கில் நிதி போதாமல் கொடுப்பனவு நின்று, சில காலம் கழித்தே மீண்டும் தொடங்கியது. வயலில் உழைத்த வருடங்களில் கட்டிய பணத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்த இடைவெளி என்னவாக இருந்திருக்கும்! அந்தக் கழித்தல் கணக்கை ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகப் போட்டு, விடையைச் சொல்ல வேண்டியவர்களிடம் உரத்துச் சொல்வதற்குத்தான் இந்தத் தொழில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி சி.எஸ்.2. ஏ தாள் எழுத்து, பி தாள் ஆர் மென்பொருள். மார்க்கோவ் சங்கிலி, காலத்தொடர், இயந்திரக் கற்றல் என்று நிறைய இருக்கிறது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அவதானிப்பு அறுந்துபோனவர்களைப் பற்றிய பகுதி. ஒருவரைக் கவனித்துக்கொண்டே வருகிறோம்; திடீரென்று அவர் நம் பதிவிலிருந்து விலகுகிறார். இறந்தாரா இருக்கிறாரா தெரியாது. அவரை என்ன செய்வது?

பத்துப் பேர் என்று வைப்போம். ஒருவர் இறக்கிறார். பிறகு நான்கு பேர் ஊரை விட்டுப் போகிறார்கள். மிச்சம் ஐந்து பேரில் ஒருவர் இறக்கிறார். போனவர்களை அடியோடு நீக்கினால் ஆறு பேரில் நால்வர், அதாவது 0.67 பங்கு பிழைத்ததாக வரும். அவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாகக் கொண்டால் 0.8. கப்லான், மேயர் இருவரும் 1958இல் வெளியிட்ட முறைப்படி பத்தில் ஒன்பதையும் ஐந்தில் நான்கையும் பெருக்கினால் 0.72. போனவர்கள் எதுவரை நம் கண்ணில் இருந்தார்களோ அதுவரைக்கும் அவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். கூட்டியும் சொல்லவில்லை, இல்லாமலும் ஆக்கவில்லை.

இந்த முறையின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே நேர்மை 2016இல் இலங்கையில் வந்த ஒரு சட்டத்திருத்தத்திலும் இருந்தது. காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவரைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறலாம் என்றது. திருகோணமலையிலும் அந்த நிலையில் பல வீடுகள் உண்டு. ‘தெரியாது’ என்பதை ‘இறந்தார்’ என்று எழுதக் கூடாது என்பதில் காணாமற்போனோரின் தாய்மாருக்கும் புள்ளிவிவரவியலுக்கும் ஒரே நிலைப்பாடு.

ஆனால் கப்லான், மேயர் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. விலகிப் போனவர்களின் இறப்பு அபாயம் இருந்தவர்களுடையதைப் போலவே இருக்க வேண்டும். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் முகாம்களில் இருந்தவர்களையும், 1990இல் படகேறித் தமிழகம் போனவர்களையும் நினைத்தால் அந்த வரி நிற்காது. அவர்கள் தற்செயலாக விலகியவர்கள் அல்லர். உயிருக்கு ஆபத்து வந்ததால் விலகியவர்கள்.

இதை அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். “அப்ப இடப்பெயர்வை ஒரு மாறியா உள்ள கொண்டு வா. கொக்ஸ் மாதிரி அதுக்குத்தானே இருக்கு. ஆனா முதல்ல, ஆர் எப்ப போனது எண்டு தரவு வேணும்” என்றார். கொக்ஸின் அந்த மாதிரி 1972இல் வந்தது. பி தாளிலும் கேட்கக்கூடியது. இப்போதைக்குக் கற்பனைத் தரவை வைத்து ஆரில் பழகுகிறேன். இடம்பெயர்ந்தோர், இடம்பெயராதோர் என்று இரண்டு குழு, ஒன்றில் அபாயம் கூட. மாறியைச் சேர்க்காமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை ஓட்டி, இரண்டு வளைகோடுகளும் எந்த வயதில் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று கீழே நாலு வரி எழுதிப் பார்க்கிறேன்.