பலகையை மூடுமுன்

பெருங்குடியில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடி. ஹாலைத் தடுத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பறை எடுக்க வேண்டும் என்று ஜிப்சம் போர்டு ஆட்களை வரவழைத்திருந்தார்கள். பூச்சோடு கூடிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். அத்தனை பாரத்தைப் பின்னாளில் நட்டநடு ஹாலில் ஏற்றினால் தளம் தாங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஜிப்சம் தடுப்போ இருபக்கப் பலகை, உள்ளே தகரச் சட்டம் எல்லாம் சேர்ந்தும் 25 கிலோ அளவில் நின்றுவிடும்.

மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர். உதவிக்குப் பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞர். இருவருக்கும் நடுவே பாதித் தமிழ், பாதி இந்தி, மீதியைக் கை பேசியது. நான் போனபோது தரையிலும் கூரையிலும் சேனல் அடித்து, இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டட் எனும் நிலைச் சட்டங்களை நிறுத்தி, ஒரு பக்கம் பலகையும் ஏறியிருந்தது. மறுபக்கத்தை மூடும் முன் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

“மேடம், டிவி எங்க வருது? எத்தன இன்ச்சு?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே.”

“அப்புறம் உள்ள கட்டை வைக்க முடியாது மேடம். இப்பவே சொல்லிடுங்க.”

இந்தத் தொழிலின் மொத்தச் சிக்கலும் அந்த ‘அப்புறம்’ என்பதில்தான் இருக்கிறது. தடுப்பு எழுப்புகிறவர்கள் வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து டிவி மாட்ட வருகிறவர் வேறு ஆள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் ஏற்ற பிளாஸ்டிக் ரால் பிளக். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற லண்டன்காரர் 1910-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களில் மின் சாதனங்களைப் பொருத்துவதற்காகக் கண்டுபிடித்த பிளக்கின் வழிவந்தது அது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து, சுற்றியுள்ள கெட்டிச் சுவரை நெருக்கிப் பிடிக்கும். 12.5 மில்லிமீட்டர் பலகைக்குப் பின்னால் வெறும் காற்றுதான். அங்கே அது எதை நெருக்கும்? ஸ்க்ரூவோடு சேர்ந்து தானும் சுற்றும்.

பலகையின் பலம் எங்கே இருக்கிறது என்பதை மேஸ்திரி ஒரு வெட்டுத்துண்டை வைத்தே காட்டினார். இருபுறமும் காகிதத்தை உரித்துவிட்டு விரலால் அழுத்தினார், பொடுக்கென்று முறிந்தது. காகிதம் இருந்த துண்டு வளைந்து கொடுத்தது. ஜிப்சம் கல்லை ஏறத்தாழ 150 டிகிரியில் சுட்டால் அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகும். தண்ணீர் சேர்த்தால் மறுபடி இறுகும். அந்தக் கூழையும் காகிதத்தையும் அடுக்கிப் பலகையாக்க 1894-இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட். அந்த முதல் பலகையிலிருந்து இன்றைய பலகை நிறையவே மாறிவிட்டது. ஆனால் இழுவையைத் தாங்குவது இன்றும் காகிதம்தான். அதனால்தான் ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் மேஸ்திரி அதைக் கணக்கில் எடுப்பதில்லை, இரண்டு விரல் தள்ளி வேறொன்று அடிக்கச் சொல்கிறார்.

அந்த வீட்டுக்கு வந்திருந்தது இழுத்து நீட்டித் திருப்பக்கூடிய மடக்குக் கை பிராக்கெட். சுவரோடு ஒட்டி நிற்கும் டிவியின் எடை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இறங்கும். பலகை அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கையை நீட்டினால் கதை மாறுகிறது. டிவி 25 கிலோ, கை 50 சென்டிமீட்டர், பிராக்கெட்டின் மேல், கீழ் ஸ்க்ரூக்களுக்கு இடையே 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேல் வரிசை ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மட்டும் 50 கிலோ எடைக்குச் சமம். மேஸ்திரி இந்தக் கணக்கைப் போடவில்லை. பிராக்கெட்டை நீட்டிப் பார்த்ததுமே, “இது இழுக்கும், பிளை வெச்சாகணும்” என்றார்.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே பொருந்தும்படி அறுத்து, இருபுறமும் ஸ்டட்டோடு ஸ்க்ரூ பிடித்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்டீரியர் வரைபடத்தில் டிவிக்கான பிளக் பாயிண்ட் அங்குல சுத்தமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த டிவியைத் தாங்கப்போகும் பிளைவுட் பற்றி அதில் ஒரு கோடுகூட இல்லை. விழுந்தபின் எல்லோரும் ஸ்க்ரூவைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அந்த வரைபடத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஏற்கெனவே மூடிய சுவராக இருந்தால்? பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று மேஸ்திரியின் பையில் கிடக்கிறது. சுவரில் தடவினால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும். ஸ்க்ரூ வரிசை போகும் கோட்டில்தான் ஸ்டட். அது வசமான இடத்தில் கிடைக்காவிட்டால் டாகிள் போல்ட். அதன் இரண்டு இறக்கைகளை மடக்கித் துளைக்குள் விட்டால் பின்பக்கம் குடைபோல விரிந்து, பலகையைப் பரப்பாகப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டை முதலில் பிராக்கெட்டில் கோத்த பிறகே உள்ளே விட வேண்டும். மறந்துவிட்டுப் பிறகு போல்ட்டைக் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும், எடுக்க வழியில்லை. ட்ரில்லில் ஹாமரை அணைத்துவிட்டுத்தான் துளை போட வேண்டும் என்பதும் அவர் கண்டிப்பு. ஹாமர் ஓடினால் பலகையின் பின்முதுகு சிதறிவிடும், டாகிள் பிடிக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையை அவர் நம்புவதில்லை. அது அறுந்துபோகும் அளவாக இருந்தால் அதில் கால்பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலாக உள்ள வழக்கமும்கூட.

வீட்டுக்கார அம்மா அதே தடுப்பில் ஒரு வாஷ் பேசினும் கேட்டார். மேஸ்திரி ஒப்பவில்லை. பேசினைவிட அதன்மேல் கையூன்றிச் சாய்கிற ஆளின் எடைதான் அவருக்குப் பயம். அதோடு குழாய் கசிந்தால் ஜிப்சம் ஊறிப் பொலபொலத்துப் போகும். அடுத்தபடியாகப் புத்தக அலமாரி பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினாலே 20 கிலோவைத் தாண்டும், அவர்கள் கேட்டதோ நாலு தட்டு. “அதுக்குக் கால் வெச்சுத் தரையில நிறுத்திடுங்க மேடம். மேல ரெண்டு ஸ்க்ரூ போட்டுத் தரேன், சாயாம இருக்க மட்டும்” என்றார் மேஸ்திரி. இளைஞர் அதற்குள் அடுத்த பலகையைத் தூக்கிச் சட்டத்தோடு சாய்த்துப் பிடித்திருந்தார்.