குசினிக்குள் ஒரு தீவு

மகளுக்குக் கட்டும் வீட்டில் சுவர்கள் எழும்பி, நிலத்துக்குக் கொங்கிறீட் போடும் கட்டத்தில்தான் அந்தச் சொல் எங்கள் வளவுக்குள் வந்தது. "வாப்பா, குசினிக்கு நடுவுல ஐலண்ட் ஒண்டு வைக்கணும்." கட்டாரில் இருக்கும் மருமகப்பிள்ளை படமும் அனுப்பியிருந்தார். சுவரோடு ஒட்டாமல், நடு அறையில் கிறனைட் போட்ட மேடை.

என் மாமி என்னோடு நேரே பேசமாட்டார். பேத்தியைப் பார்த்தே சொன்னார்: "நாம இரிக்கிறதே தீவு. அதுக்குள்ள இன்னொரு தீவா புள்ள?"

கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. மாமி தன் வீட்டை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்க இரண்டு அறைக்குள் ஒதுங்கியவர். இப்போது எங்கள் முறை. ஆண்கள் கடன் எடுப்போம், சீமெந்து சுமப்போம். அடுப்படி எப்படி இருக்கவேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. இம்முறை மேசன் பாஸ் கேட்டார். "சேர், அதுக்குள்ள சிங் வைக்கிறதெண்டா கழிவுக் குழாய இப்பவே நிலத்துக்குக் கீழால எடுக்கணும். கரண்டுக்கும் பைப் போடணும். பிறகெண்டா உடைக்கத்தான்."

அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குசினியின் அகலம் 10 அடி. இரு சுவர்களிலும் 2 அடி மேடை வந்தால் மிச்சம் 6 அடி. நடுவில் 2 அடித் தீவு வைத்தால் பக்கத்துக்கு 2 அடிதான் வழி. ஒருவர் நின்று சமைக்கவே 42 அங்குலம் வேண்டும், இருவர் வேலை செய்வதென்றால் 48 என்கிறார்கள். அதாவது குறைந்தது 13 அடி அறை. ஒரு பக்க மேடையை எடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் 3 அடி வழி விட்டாலும் பத்தரை அடி வருகிறது. அரை அடிக்குத் தோற்றோம்.

மகள் நம்பவில்லை. எங்கள் பழைய குசினியும் அதே 10 அடிதான். வெண்கட்டி எடுத்து அதன் நிலத்தில், நட்டநடுவே, 4 அடிக்கு 2 அடி பெட்டி ஒன்று கீறினேன். "இண்டைக்கு முழுக்க ஒருத்தரும் இதுக்குள்ள கால் வைக்காம வேலை செய்யுங்க" என்றேன். பகல் சாப்பாட்டுக்குள் பிரிட்ஜ் கதவு கோட்டைத் தாண்டித் திறந்தது. சோற்றுப் பானையோடு வந்த மனைவியும் மகளும் முட்டிக்கொண்டார்கள். அஸருக்குப் பிறகு மாமி திருவலையோடு வந்து, வழக்கம்போல, பெட்டிக்குள்ளேயே காலை மடித்து உட்கார்ந்து தேங்காய் திருவத் தொடங்கினார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து அரிசி புடைத்து, மீன் வெட்டி, ஊர்க்கதை பேசும் இடத்தையா கல் வைத்து அடைப்பது என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். பள்ளிக்கூடப் பழக்கம்.

மனைவி மீன் சட்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருவத்திமூணு வருசமா நிலத்துல குந்தி எழும்பி முழங்கால் போனது எனக்கு. உங்களுக்கு வட்டம் வடிவாத்தான் தெரியும். புள்ள நிண்டு சமைக்கட்டும்."

முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நானும் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். அதைக் குசினியோடு சேர்த்து நினைத்ததில்லை.

குழாய் போடவேண்டாம் என்று அன்றிரவே முடிவாகியது. ஆனால் மேசை வரும். வளவில் சாய்ந்த வேம்பு ஒன்று அரிந்து காயப்போட்டுக் கிடந்தது. அதில் 4 அடிக்கு 2 அடி, பூட்டுப் போடக்கூடிய சில்லுகளோடு செய்ய ஓடாவியிடம் சொன்னோம். பெருநாள் சமையலுக்கு ஆட்கள் கூடினால் சுவரோரம் தள்ளிவிடலாம். வழக்கமான உயரம் 36 அங்குலம். மகள் 5 அடிதான். மேசை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால்தான் மரக்கறி வெட்ட, மா பிசையத் தோள் வலிக்காது. அளந்தோம், 33 வந்தது.

மாமி இரண்டு விஷயம் கேட்டார், பேத்தியைப் பார்த்துத்தான். கோடிப்புறத்து விறகடுப்பை யாரும் தொடக்கூடாது. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு நாங்கள் வரிசையில் கிடந்தபோது மூன்று வீட்டுக்கும் சோறு வெந்தது அதில்தான். மற்றது, மேசை விளிம்பு மூன்று அங்குலம் வெளியே நீட்டி நிற்கவேண்டும். திருகிப் பூட்டும் சுற்றுத் திருவலை கடையில் விற்கிறதாம். கதிரையில் இருந்தபடியே சுற்றலாமாம்.

போன புதன்கிழமை கொங்கிறீட் போட்டாயிற்று. ஓடாவி விளிம்பை இரண்டு அங்குலம்தான் விட்டிருக்கிறார். நாளை போய்ச் சொல்லவேண்டும்.